டி.ஏ. பட்டாளத்தில் இருந்த அப்பாவுக்கு நிலம் கேட்டு அலைந்த மூன்றரை வருடம்

2018 ஆகஸ்டில் அப்பாவுடைய மில் பென்ஷனுக்கு உயிர்ச்சான்று கொடுக்க வேண்டியிருந்தது. மாதம் ஆயிரத்துச் சொச்சம் வருகிற பென்ஷன். அதற்கான காகிதம் எங்கே என்று கேட்டதற்கு, கட்டிலுக்கு அடியில் இருந்த கறுப்பு டிரங்குப் பெட்டியைக் காட்டினார். மூடியில் வெள்ளைப் பெயின்டில் அவருடைய பட்டாள நம்பர் பாதி அழிந்த நிலையில் இருந்தது. பென்ஷன் காகிதத்தைத் தேடிக் கொண்டிருக்கும்போது அடியிலிருந்து ஒரு பழுப்பு நிற டிஸ்சார்ஜ் சான்றிதழும், அதோடு மடித்து வைத்த ஒரு மனு நகலும் வந்தன. 1973ல் எழுதியது. "போர்க்காலத்தில் பணியாற்றிய எனக்கு அரசு தரிசு நிலம் 2 ஏக்கர் ஒப்படை செய்து தருமாறு" என்று ஆரம்பித்தது. அரசு நிலத்தை ஒருவர் பெயருக்குக் கொடுப்பதைத்தான் ஒப்படை என்பார்கள். மூலையில் தாலுகா ஆபீஸ் முத்திரை. அப்பாவுக்கு அப்போது 29 வயது. நான் அதைக் கையில் எடுத்தபோது அவருக்கு 74.

"இது என்னங்கப்பா, இத்தனை வருசம் சொல்லவே இல்லை?" என்று கேட்டேன். "கேட்டேன் கண்ணு, குடுக்கல. அப்புறம் உங்கம்மா இருந்தா, நீ இருந்தே, மில்லு இருந்துச்சு. விட்டுட்டேன்" என்றார். அந்த வருடம்தான் அம்மா இறந்து போயிருந்தார். அப்பா அதிகம் பேசாமல் திண்ணையிலேயே உட்கார்ந்திருப்பார். இந்த ஒரு விஷயத்தைப் பற்றிக் கேட்டபோது மட்டும் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அதைப் பார்த்ததும், இதை நான் வாங்கித் தந்தே தீருவேன் என்று மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன். நான் ஒரே பெண். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். பட்டாளமும் தெரியாது, வருவாய்த் துறையும் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ள ஒருவரும் இல்லை. அதனால் 2022 பிப்ரவரி வரை மூன்றரை வருடமும், கையிலிருந்து 1,01,500 ரூபாயும் போயின. அதில் பெரும்பகுதி போயிருக்க வேண்டியதே இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பா இருந்தது ரெகுலர் ஆர்மி இல்லை, டெரிடோரியல் ஆர்மி. தமிழில் பிராந்திய ராணுவம் என்று எழுதுகிறார்கள், எங்கள் பக்கத்தில் டி.ஏ. பட்டாளம் என்பார்கள். 1948ல் சட்டம் வந்து, 1949 அக்டோபர் 9 அன்று அப்போது கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜி தொடங்கி வைத்தது. அப்பா அதைப் பெருமையாகச் சொல்வார்: "நாங்க ராஜாஜி ஆரம்பிச்சு வெச்ச பட்டாளம்." சொந்தத் தொழில், வேலை எல்லாவற்றையும் வைத்துக்கொண்டே பயிற்சிக்குப் போக வேண்டும். நாட்டுக்குத் தேவை வந்தால் கூப்பிடுவார்கள், அப்போது முழுநேரச் சிப்பாய். தேவை முடிந்ததும் மறுபடி பழைய வேலைக்கு. கோயம்புத்தூர் மில்லில் ஸ்பின்னிங்கில் இருந்துகொண்டு 1964ல் சேர்ந்தார். 1965 சண்டையின்போது கூப்பிட்டார்கள். 1971ல் மறுபடி கூப்பிட்டு, பஞ்சாபில் ஒரு ரயில் பாலத்துக்குக் காவல் போட்டார்கள். அந்தக் குளிரைப் பற்றி இன்றைக்கும் சொல்வார். துப்பாக்கியின் இரும்பில் கை பட்டால் ஒட்டிக்கொள்ளும், அதனால் கை விரலில் துணி சுற்றிக்கொண்டு நின்றோம் என்று. திரும்பி வந்தபோது மில்லில் பழைய வேலையைக் கொடுத்தார்கள். அப்படிக் கூப்பிட்டுப் போனவர்களை மறுபடி வேலையில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. 1975ல் பட்டாளத்திலிருந்து வெளியே வந்துவிட்டார்.

முகாமில் இருந்தபோதே, சண்டைக்குப் போனவர்களுக்கு அரசாங்கம் நிலம் தருகிறது என்று பேச்சு இருந்ததாம். எங்கள் ஊரிலேயே ரெகுலர் ஆர்மியில் இருந்து வந்த ஒருவருக்கு மேட்டு நிலம் ஒப்படையாகக் கிடைத்தது. அவரும் பட்டாளம், நானும் பட்டாளம் என்ற கணக்கில்தான் அப்பா 1973ல் மனு போட்டார். பதில் வரவில்லை. 1974லிருந்து அவர் கேட்டிருந்த அந்த இடத்தில் தாத்தாவும் அம்மாவும் சோளமும் கொள்ளும் விதைத்தார்கள். அரசு நிலத்தில் பயிர் வைத்ததற்கு மணியக்காரர் வந்து பி மெமோ போட்டு அபராதம் கட்டச் சொல்வார். அந்த ரசீதுகளையெல்லாம் அப்பா ஒரு வளைந்த கம்பியில் குத்திச் சுவரில் மாட்டி வைத்திருந்தார். 1976லிருந்து 1998 வரை. அந்தக் கம்பியைக் கழற்றி என்னிடம் கொடுத்தபோது, இதைவிட வேறென்ன ஆதாரம் வேண்டும் என்றுதான் நானும் நினைத்தேன்.

இங்கேதான் முதல் தப்பு. அந்த டிஸ்சார்ஜ் சான்றிதழை நான் வரிக்கு வரி படித்திருக்க வேண்டும். படிக்கவில்லை. பட்டாளத்துக் காகிதம், முத்திரை இருக்கிறது, போதும் என்று ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். அதேபோல அந்த நிலத்தின் சர்வே நம்பருக்குக் கிராமக் கணக்கில் என்ன பெயர் என்பதையும் பார்க்கவில்லை. இந்த இரண்டு காகிதத்திலும் இருந்த இரண்டு வார்த்தைகள்தான் கடைசியில் எல்லாவற்றையும் முடிவு செய்தன. இரண்டையும் முதல் வாரத்திலேயே படித்திருக்கலாம்.

தாலுகா ஆபீஸில் முதல் நாள் போனபோது, வாசலில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு ஆள் தானாகப் பேச வந்தார். வருவாய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்றார். அப்பாவைப் பார்த்ததும் எழுந்து நின்று சல்யூட் அடித்தார். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். எனக்கு அந்த இடத்திலேயே நம்பிக்கை வந்துவிட்டது. "முன்னாள் படைவீரர் கோட்டாவில் போட்டால் ஆறு மாசத்துல ஆணை வாங்கிடலாம்மா" என்றார். மனுவை அவரே எழுதினார். மேலே தடித்த எழுத்தில் "முன்னாள் படைவீரர்" என்று போட்டார். முதலில் 25,000, பிறகு சர்வேயர் செலவு, மேலே செலவு என்று 40,000. இரண்டு தடவையும் அம்மாவின் நகையை அடகு வைத்துத்தான் கொடுத்தேன். ரசீது கேட்டபோது, "இதுக்கெல்லாம் யாராச்சும் ரசீது தருவாங்களா அம்மிணி" என்றார். நான் அதற்கு மேல் கேட்கவில்லை. கணக்கு எழுதுவது என் தொழில். பத்து ரூபாய்க்கும் வவுச்சர் கேட்கிறவள் நான். அன்றைக்கு ஏன் கேட்கவில்லை என்று நினைத்தால் இப்போதும் நெஞ்சு அடைக்கிறது.

ஏழெட்டு மாதம் கழித்து அவர் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். ஆணை தயாராகிவிட்டது, கையெழுத்து மட்டும்தான் பாக்கி என்றார். அதில் ந.க. எண், அதாவது ஆபீஸில் கோப்புக்குப் போடும் எண், இருந்தது. அதை அப்பாவிடம் காட்டி, இரண்டு பேரும் அன்றைக்குப் பாயசம் வைத்துச் சாப்பிட்டோம். அந்த எண்ணை எடுத்துக்கொண்டு நேராகத் தாலுகா ஆபீஸில் சம்பந்தப்பட்ட பிரிவுக்குப் போய்க் கேட்டிருந்தால் பத்து நிமிடத்தில் உண்மை தெரிந்திருக்கும். நான் போனது நாலு மாதம் கழித்து, அந்த ஆள் போன் எடுப்பதை நிறுத்திய பிறகு. பிரிவு எழுத்தர் பதிவேட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்த நம்பர் ஒரு வாரிசு சான்று ஃபைலும்மா" என்றார். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். அப்பாவிடம் மூன்று வாரம் சொல்லவில்லை. சொன்ன பிறகு அவர் திட்டவே இல்லை. "நகையை எப்பத் திருப்பப் போறே?" என்று மட்டும் கேட்டார்.

அதனால் இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நில ஒப்படைக்கு மனு கொடுக்க இடையில் ஒரு ஆள் தேவையே இல்லை. திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸில் நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டத்தில் நீங்களே கொடுக்கலாம், அங்கேயே மனுவுக்கு எண் போட்டுத் தருவார்கள். தாலுகா ஆபீஸில் கொடுத்தால் உங்கள் நகலில் தேதி முத்திரை வாங்காமல் நகராதீர்கள். தபாலில் அனுப்பினால் ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள், கிடைக்கும் ஒப்புகையை மனு நகலோடு சேர்த்துப் பின் அடித்து வையுங்கள். யாராவது ஆணை என்று ஒன்றைக் காட்டினால், அதிலிருக்கும் ந.க. எண்ணையும் தேதியையும் அந்த ஆபீஸிலேயே கேட்டுச் சரிபார்க்கும் வரை அதை நம்பாதீர்கள், அதை வைத்துக் கடன் வாங்காதீர்கள்.

அப்புறம் 2020ல் கொரோனா வந்தது. அந்த வருடம் பஸ்ஸும் இல்லை, ஆபீஸும் இல்லை. கம்பெனியில் சம்பளமும் பாதிதான். ஆனால் வீட்டில் உட்கார்ந்திருந்த அந்த மாதங்களில்தான் நான் முதல் முறையாக எல்லாக் காகிதத்தையும் தரையில் பரப்பிப் படித்தேன். அன்றைக்குத்தான் டிஸ்சார்ஜ் சான்றிதழில் டெரிடோரியல் ஆர்மி என்ற வார்த்தைகள் என் கண்ணில் உறைத்தன. அதற்கு என்ன அர்த்தம் என்று தேடப் போய், தெரிந்துகொண்டது இதுதான்.

பட்டாளத்தில் இருந்தவர் எல்லாரும் சட்டத்தின் கண்ணில் முன்னாள் படைவீரர் இல்லை. மத்திய அரசின் வரையறையில் பிராந்திய ராணுவத்துக்காரர்கள் மூன்று வகையில்தான் அதற்குள் வருகிறார்கள்: முழுநேரப் பணிக்கு அழைக்கப்பட்ட காலத்துக்காகப் பென்ஷன் வாங்குகிறவர்கள், ராணுவப் பணியால் உடல் ஊனம் ஏற்பட்டவர்கள், வீர விருது பெற்றவர்கள். அப்படி அழைக்கப்பட்டு இருந்த காலத்தை எம்பாடிமென்ட் என்பார்கள், காகிதத்தில் அந்த வார்த்தைதான் இருக்கும். பென்ஷன் வர வேண்டுமென்றால் சிப்பாய்களுக்கு அந்தக் காலம் மட்டும் 15 வருடம் ஆகியிருக்க வேண்டும். மில்லில் வேலை பார்த்துக்கொண்டு பயிற்சிக்குப் போன வருடங்கள் அதில் வராது. அப்பா பெயரளவில் 11 வருடம் பட்டாளத்தில் இருந்தார். ஆனால் 1965லும் 1971லும் கூப்பிட்டுப் போன காலங்களைக் கூட்டினால் மூன்று வருடம் கூட வரவில்லை. பென்ஷன் இல்லை. ஊனம் இல்லை. விருது இல்லை. மனுவின் தலையில் அந்த ஆள் தடித்த எழுத்தில் போட்ட இரண்டு வார்த்தைகள் அப்பாவுக்குப் பொருந்தாதவை.

அதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் தவித்தேன். பாலத்தில் குளிரில் நின்றவரிடம் நீங்கள் முன்னாள் படைவீரர் இல்லை என்று எப்படிச் சொல்வது? சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் கம்பியில் இருந்த ரசீதுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நிலம் கூடப் பெருசில்ல கண்ணு. நான் போனேன், நின்னேன்னு ஒருத்தன் எழுதிக் குடுக்கோணும். அதாச்சும் கேளு" என்றார்.

அதைத்தான் அடுத்துக் கேட்டேன். காலாட்படைப் பிரிவான டி.ஏ. பட்டாளங்கள் ஒவ்வொன்றும் ஒரு ரெஜிமென்ட்டோடு இணைக்கப்பட்டவை. அப்பாவுடையது மெட்ராஸ் ரெஜிமென்ட். அதன் மையம் நீலகிரியில் வெலிங்டனில் இருக்கிறது, ஆவணப் பிரிவும் அங்கேதான். படைவீரர் எண், பெயர், தகப்பனார் பெயர், சேர்ந்த வருடம், வெளியே வந்த வருடம் எல்லாம் எழுதி, பணி விவரச் சான்று வேண்டும், அதில் எம்பாடிமென்ட் காலங்கள் தேதி வாரியாக வேண்டும் என்று அப்பா பெயரில், அப்பா கையெழுத்தில் அனுப்பினோம். இதில் ஒரு விஷயம் முக்கியம். நான் முதலில் என் பெயரில் எழுதினேன். தகப்பனாருடைய சொந்த விவரத்தை மகள் கேட்டாலும் அது மூன்றாம் நபர் கேட்பதுதான். அவர் உயிரோடு இருக்கும்போது அவரே கேட்டாக வேண்டும். கை நடுங்கினால் ரேகை வைத்து இரண்டு சாட்சிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொன்று, மூடியில் அழிந்துகொண்டிருந்த அந்த நம்பர். பெயரை விட அதுதான் பயன்படும். உங்கள் வீட்டுப் பெரியவரின் பட்டாள நம்பரை இன்றைக்கே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அது எழுதியிருக்கும் பெட்டிக்குப் பெயின்ட் அடித்துவிடாதீர்கள்.

தாலுகா பக்கம் மறுபடி போகும்போது தகவல் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்தினேன். மாநில அரசு ஆபீஸுக்கு 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். மத்திய அரசு ஆபீஸுக்கு என்றால் 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர். 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டாலோ, பதில் சரியில்லாவிட்டாலோ அடுத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு போடலாம், அதற்குக் கட்டணம் இல்லை. என் முதல் மனுவில் "ஏன் என் தந்தைக்கு நிலம் தரவில்லை?" என்று கேட்டிருந்தேன். ஏன் என்ற கேள்விக்கு அவர்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை, கையில் இருக்கும் ஆவணத்தைத்தான் தர வேண்டும். இரண்டாவது தடவை மாற்றி எழுதினேன்: 1973ம் வருட மனு மீதான கோப்பின் நகல், இந்த சர்வே நம்பருக்கான அ-பதிவேட்டு (எந்த நிலம் என்ன வகை என்று எழுதியிருக்கும் கிராமக் கணக்கு) நகல், 2018 மனு இப்போது யாரிடம் எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது என்ற விவரம். இந்த மூன்றுதான். மூன்றுக்கும் பதில் வந்தது.

1973 கோப்பு இல்லை. எங்கள் ஊர் அப்போது கோயம்புத்தூர் மாவட்டம். 1979ல் பெரியார் மாவட்டம் பிரிந்தபோது அங்கே போனது, அதுதான் பிறகு ஈரோடு மாவட்டம் ஆனது. 2009ல் திருப்பூர் மாவட்டம் வந்தபோது மறுபடி மாறியது. ஊர் அங்கேயேதான் இருக்கிறது, கோப்புகள்தான் மூன்று மாவட்டம் போய்விட்டன. பழைய மனு எதையாவது தேடுகிறவர்கள், அந்த வருடத்தில் உங்கள் ஊர் எந்த மாவட்டத்தில் இருந்தது என்பதை முதலில் பார்த்து அந்த ஆபீஸுக்கும் சேர்த்து மனு போடுங்கள். நான் இதைத் தெரியாமல் நாலு மாதம் இழந்தேன். கடைசியில் கோயம்புத்தூரிலிருந்து வந்த பதில், பாதுகாப்புக் காலம் முடிந்து அழிக்கப்பட்டது என்பது. நம்மிடம் இருக்கும் முத்திரை போட்ட நகல்தான் இப்போது அந்த மனுவுக்கு இருக்கும் ஒரே தடயம்.

அடுத்தது அ-பதிவேடு. அதில் அந்த சர்வே நம்பருக்கு எதிரே எழுதியிருந்தது தரிசு இல்லை. மேய்க்கால் புறம்போக்கு. ஊர் மாடு மேய்வதற்காக விடப்பட்ட இடம். அப்பா தன் மனுவில் தரிசு என்று எழுதினார், தாத்தா தரிசு என்றுதான் சொன்னார், ஊரில் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். நம் வாயில் எல்லாக் காலி நிலமும் தரிசுதான். பதிவேட்டில் அப்படி இல்லை. தீர்வை (நில வரி) ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு, கல்லாங்குத்து, மேய்க்கால், ஓடை, வண்டிப்பாதை, மயானம் என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர். ஒப்படைக்கு வாய்ப்பு உள்ளது தரிசு என்று எழுதியிருப்பதற்குத்தான். ஓடை, குளம், ஏரி என்றிருந்தால் ஆசையை அங்கேயே விட்டுவிடலாம். மேய்க்காலும் ஊர்ப் பொது நிலம். 2011 ஜனவரியில் பஞ்சாப் கிராமம் ஒன்றின் குளம் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம், ஊர்ப் பொது நிலத்தில் இருக்கும் ஆக்கிரமிப்புகளை அகற்ற எல்லா மாநிலங்களும் திட்டம் போட வேண்டும் என்று சொன்னது. வருடக்கணக்காக இருக்கிறோம் என்பது மட்டும் அங்கே உரிமை ஆகாது என்பதும் அதில் உண்டு.

அப்படியென்றால் அந்தக் கம்பியில் குத்திய 22 வருட ரசீதுகள்? அவை நாம் ஆக்கிரமித்தோம் என்பதற்கு நாமே காசு கட்டி வாங்கிய சாட்சி. அனுபவத்தில் இருந்தோம் என்று காட்டும், உரிமை என்று காட்டாது. நான் அவற்றை ஒவ்வொரு மனுவிலும் முதல் இணைப்பாக வைத்திருந்தேன். பி மெமோ வைத்திருக்கும் பலர் அதையே பட்டா மாதிரி நம்பிக்கொண்டிருக்கிறார்கள். தயவுசெய்து அதை ஒருமுறை விவரம் தெரிந்தவரிடம் காட்டிக் கேளுங்கள்.

அ-பதிவேட்டைப் பார்க்க மனுகூடத் தேவையில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தமிழக அரசின் நில ஆவண இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே நம்பர் கொடுத்தால் காசில்லாமல் பார்க்கலாம். நான் 65,000 ரூபாய் கொடுத்த அன்றைக்குக் காலையில் என் கையில் இருந்த அதே செல்போனில் பார்த்திருக்கலாம். இந்த ஒரு வரியை எழுதும்போதே கை கூசுகிறது. ஆனால் எழுதாவிட்டால் இன்னொருவர் கொடுப்பார்.

2021 ஆகஸ்டில் மனு நிராகரிக்கப்பட்டதாக எழுத்தில் வந்தது. மனுதாரர் முன்னாள் படைவீரர் வரையறைக்குள் வரவில்லை, கோரும் நிலம் மேய்க்கால் புறம்போக்கு. இரண்டே காரணம். இரண்டும் நாங்கள் வீட்டிலேயே கண்டுபிடித்துவிட்ட காரணங்கள் என்பதால் அதிர்ச்சி இல்லை. ஆனாலும் அப்பா அன்றிரவு சாப்பிடவில்லை. எனக்கும் ஒரு ஆற்றாமை இருக்கிறது, இன்னும் போகவில்லை. கூப்பிட்டபோது இவர் பாதிச் சிப்பாய் என்று யாரும் சொல்லவில்லை. பாலத்தில் நின்ற ராத்திரிகளில் இவருக்குக் குளிர் பாதியாக அடிக்கவில்லை. குறைந்தபட்சம் போர்க்காலத்தில் அழைக்கப்பட்டுப் போனவர்களையாவது அந்த வரையறைக்குள் கொண்டுவர வேண்டும். அதைக் கேட்டு எங்கள் தொகுதி எம்.பி.க்கு அப்பா கையெழுத்தில் கடிதம் அனுப்பியிருக்கிறோம்.

அலைந்ததில் அப்பாவின் உடம்பு பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். ஒரு தடவை மாடியில் இருந்த பிரிவுக்கு ஏறும்போது தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு அவரைக் கீழேயே உட்கார வைத்துவிட்டு, நான் மேலே போய், "அப்பாவால ஏற முடியலைங்க, நீங்க கொஞ்சம் கீழ வர முடியுங்களா?" என்று கேட்டேன். மூன்று தடவை கேட்டதில் மூன்று தடவையும் யாரோ ஒருவர் இறங்கி வந்தார். கேட்கக் கூச்சப்பட வேண்டாம். காலை பத்து மணிக்கே போய்விடுங்கள், மோர் எடுத்துக்கொண்டு போங்கள், சர்க்கரை மாத்திரை போடுகிறவர் என்றால் சாப்பாடும். அவர் கட்டாயம் வர வேண்டிய நாளைத் தவிர மற்ற நாட்களுக்கு, மனு கொடுக்கவும் பதில் வாங்கவும் உங்களுக்கு அதிகாரம் தருவதாக அவர் கையெழுத்தில் ஒரு கடிதம் வைத்துக்கொண்டால் பாதிப் பயணம் மிச்சம். நான் போன 38 நாளில் அப்பா உண்மையில் தேவைப்பட்டது ஐந்து நாள்தான். சம்பளப் பிடித்தம் 19,000, இரண்டு பேர் போக்குவரத்தும் சாப்பாடும் 14,000, ஜெராக்ஸ், நோட்டரி, தபால் எல்லாம் 3,500. மீதி 65,000 அந்த ஆளுக்கு. போலீஸில் புகார் கொடுத்திருக்கிறேன். ரசீது இல்லாததால் அது மெதுவாகத்தான் நகர்கிறது. அம்மாவின் நகையில் ஒரு ஜோடி தோடு மட்டும் திரும்பி வந்திருக்கிறது.

எதிர்பாராத ஒன்றும் கிடைத்தது. இடத்தைப் பார்க்க வந்த வருவாய் ஆய்வாளர், திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டே, "இந்த வீட்டுக்குப் பட்டா இருக்குதுங்களா?" என்று கேட்டார். இல்லை. தாத்தா காலத்து வீடு, கிராம நத்தத்தில், அதாவது ஊரில் குடியிருப்புக்கென்று விட்ட இடத்தில் இருக்கிறது. நத்தம் அளந்தபோது கொடுத்த தோராயப் பட்டா என்று ஒன்றை வாங்கிப் பெட்டியில் போட்டுவிட்டு அப்படியே விட்டிருந்தார்கள். அதைத் தேடி எடுத்து, வீட்டு வரி ரசீது, மின் கட்டண அட்டையோடு கொடுத்தோம். 2022 பிப்ரவரியில் 4 சென்ட்டுக்கு அப்பா பெயரில் நத்தம் பட்டா வந்தது. செலவு, மனு எழுதிய பேப்பரும் பஸ் டிக்கெட்டும்தான். மேட்டு நிலம் இரண்டு ஏக்கரைத் துரத்திக்கொண்டிருந்த மூன்று வருடமும், உட்கார்ந்திருக்கும் வீட்டுக்கே காகிதம் இல்லாமல் இருந்திருக்கிறோம். உங்கள் வீட்டிலும் ஒருமுறை பெட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள்.

வெலிங்டனிலிருந்து பதில் வந்தது 2021 மார்ச்சில். ஒரே பக்கம், டைப் அடித்தது. சேர்ந்த தேதி, வெளியே வந்த தேதி, நடுவில் இரண்டு வரியில் எம்பாடிமென்ட் காலங்கள், கீழே முத்திரை. அப்பாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை, நான்தான் படித்துக் காட்டினேன். 1971ம் வருட வரி வந்ததும், "மறுபடி படி" என்றார். படித்தேன். அதை லேமினேட் செய்யவில்லை, ஏனென்றால் பின்னால் எங்காவது அசலைக் காட்டி முத்திரை வாங்க வேண்டி வந்தால் லேமினேட் செய்தது பயன்படாது. பிளாஸ்டிக் உறையில் போட்டு அதே டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறோம்.

இந்தச் சங்கதி தெரிந்து அப்பாவோடு டி.ஏ.வில் இருந்தவர்கள் மூன்று பேர் வந்து பார்த்தார்கள். இரண்டு பேருடைய நிலை அப்பாவைப் போலத்தான். அவர்களுடைய நிலக் கனவை நானே உடைக்க வேண்டியிருந்தது. ஆனால் வீட்டு நத்தத்தைப் பார்க்கச் சொல்லி அனுப்பினேன். மூன்றாமவருக்கு இடது கையில் இரண்டு விரல் இல்லை. முகாமில் போனது என்றார். "அதுக்கு ஆஸ்பத்திரிக் காகிதம் ஏதாவது இருக்குதுங்களா தாத்தா?" என்று கேட்டேன். மஞ்சள் துணிப்பையிலிருந்து மெடிக்கல் போர்டு தாளை எடுத்தார். மடிப்பில் கிழிந்திருந்தது. முழுப் பத்தியையும் இரண்டு தடவை படித்தேன். ராணுவப் பணியால் ஏற்பட்டது என்ற வார்த்தை அதில் இருக்கிறது. இப்போது வெலிங்டனுக்கு அவர் கையெழுத்தில் கடிதம் போயிருக்கிறது, அடையாள அட்டைக்கு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம். அவர் ஊர்க் கணக்கில் தீர்வை ஏற்பட்ட தரிசு இரண்டு சர்வே நம்பரில் இருக்கிறது, பார்த்துவிட்டேன். அட்டை கைக்கு வந்ததும் வரும் திங்கள்கிழமையே கலெக்டர் ஆபீஸுக்குப் போகிறோம், அப்பாவும் கூட வருவேன் என்கிறார்.